ஏவுதற் கருத்தா

மூன்றாம் வேற்றுமையைப் படிப்பிக்கும் நாள் எனக்கு எப்பொழுதும் இலகுவான நாள். கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பொருள்களை வகுத்துக் காட்டி, கருத்தா இருவகைப்படும் என்று கரும்பலகையில் எழுதிவிட்டால் பாடத்தின் பாதி முடிந்துவிடும். அரசனால் கோயில் கட்டப்பட்டது. அவன் ஒரு கல்லையும் சுமக்கவில்லை, ஆயினும் கட்டுவித்தவன் அவனே. ஆதலின் அவன் ஏவுதற் கருத்தா. தச்சனால் கோயில் கட்டப்பட்டது. அவன் தன் கையால் இயற்றினான். ஆதலின் அவன் இயற்றுதற் கருத்தா. நூற்றாண்டுகளாக ஆசிரியர்கள் சொல்லிவரும் இந்த உதாரணத்தை நானும் மாற்றியதில்லை.

2018 இல் வடமராட்சியிலே பதினோராம் வகுப்பில் இப்பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வாங்கிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், அந்தக் கோயில் இடிஞ்சு விழுந்தா ஆர் பொறுப்பு?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. நானும் சிரித்தேன். "அது பாடத்திட்டத்திலை இல்லை, இரு" என்றேன். அவனுடைய தகப்பனார் மேசன் வேலை செய்பவர் என்பதும், அந்த ஆண்டிலேதான் பிளந்துபோன சுவர் ஒன்றைக் காரணங்காட்டி ஒரு கொந்தராத்துக்காரர் அவருடைய ஆறு கிழமைக் கூலியை நிறுத்தி வைத்திருந்தார் என்பதும் எனக்குப் பின்னரே தெரியவந்தன. சீமெந்தைக் குறைத்துக் கலக்கச் சொன்னவரும் அதே கொந்தராத்துக்காரர்தான்.

அந்த மாணவன் 2023 இன் தொடக்கத்தில் மெல்பேணுக்குப் படிக்கப் போனான். அவனைப் படிக்கப் போனான் என்று சொல்வது முழு உண்மையாகாது, உழைக்கவும் போனான். 2022 இலே இந்நாட்டின் நாணயம் சரிந்த கதையை வாசகர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், நடுப்பகுதியில் 360 ஐத் தாண்டிற்று. மேசனுக்கு வேலையில்லை, சீமெந்து வாங்குவார் இல்லை. தாயார் தாலிக்கொடியை அடைவு வைத்தார். பாட்டி வழியில் வந்த பனங்காணி கைமாறிற்று. இவ்வாறு திரட்டிய பணம் ஓர் ஆண்டுக் கட்டணத்துக்கே போதுமாயிருந்தது. மிகுதியை அவன் அங்கே தேடிக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் வருகிறேன். என் தாய்மாமனின் மகன், எனக்கு மச்சான், பதினைந்து வருடங்களுக்கு முன் அந்நகருக்குக் குடிபெயர்ந்தவன். அங்கு ஓர் உணவுக் கடை நடத்துகிறான். ஊருலகமெங்கும் ஒரே பெயர்ப்பலகையோடும் ஒரே நிறத்தோடும் காணப்படும் கடைகளுள் அதுவும் ஒன்று. நான் அவனுக்கு எழுதினேன். "நல்ல பிள்ளை, கஷ்டப்பட்ட குடும்பம், பார்த்துக்கொள்" என்றேன். அவன் பார்த்துக்கொண்டான். ஒரு கிழமைக்குள் வேலை கிடைத்துவிட்டது என்று தாயார் பாடசாலைக்கே வந்து எனக்கு நன்றி சொன்னார். ஆசிரியனாக நான் பெருமைப்பட்ட நாட்களுள் அதுவும் ஒன்று என்பதை இங்கு மறைத்துப் பயனில்லை.

அவ்வாண்டின் இறுதியில் ஓர் இரவு அவன் என்னோடு தொலைபேசியிற் கதைத்தான். எதையெதையோ கதைத்தபின், நான் கேட்டதற்கு விடையாகத் தன் கூலியைச் சொன்னான். மணித்தியாலத்துக்கு 15 டொலர். எனக்கு அது பெருந்தொகையாகவே தோன்றிற்று. எங்கள் மனம் எதையும் ரூபாவிலே பெருக்கிப் பார்த்துப் பழகியது. பிறகுதான் விசாரித்தேன். 2023 ஆடி முதல் அந்நாட்டின் தேசியக் குறைந்தபட்சக் கூலி மணித்தியாலத்துக்கு 23.23 டொலர். நிரந்தரமின்றி அவ்வப்போது அழைக்கப்படும் தொழிலாளிக்கு அதன்மேல் 25 வீதம் கூட்டிக் கொடுக்க வேண்டும். ஆகவே அவனுக்குச் சேரவேண்டியது குறைந்தது 29 டொலர்.

கணக்கு எவ்வாறு ஒப்பேற்றப்பட்டது என்பதையும் அவனே சொன்னான். மாணவ விசாவில் இருப்பவர் அந்த ஆடி மாதத்திலிருந்து இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தலாகாது என்பது விதி. அவன் கிழமைக்கு 38 மணித்தியாலம் வேலை செய்தான். சம்பளச் சீட்டில் 24 என்றே எழுதப்பட்டது. 24 மணித்தியாலத்துக்குச் சட்டப்படியான வீதத்தில், வரியை ஒதுக்கிவிட்டால், 696 டொலர் வங்கியில் விழும். ஆனால் 38 மணித்தியாலத்துக்கு 15 டொலர் வீதம் அவனுக்கென்று பேசப்பட்டதோ 570. மிகுதி 126 டொலரை அவன் கிழமைதோறும் வங்கியிலிருந்து எடுத்துக் கொண்டுபோய்க் கடையின் பின்னறையில் மச்சானின் கையிற் கொடுப்பான். தாளிலே எல்லாம் சரி. உண்மையிலே கிழமைக்கு 532 டொலர் அவனிடமிருந்து கழன்று போயிற்று. விதியை மீறிக் கூடிய நேரம் வேலை செய்தவன் என்ற குற்றம் அவன் தலையிலும் இருந்தபடியால் வாய் திறக்க வழியில்லை. பொலிசுக்கோ தொழில் அதிகாரிக்கோ போனால் முதலில் போவது தன் விசாவே என்று அவன் நம்பினான். அப்படி நம்பும்படி சொல்லியும் வைத்திருந்தார்கள்.

"அண்ணையோட நீங்கள் இதைக் கதைக்க வேண்டாம் சேர். அண்ணையும் பாவம்" என்று சொல்லி அவன் பேச்சை முடித்தான்.

நான் கதைத்தேன். இரண்டு நாள் நித்திரையில்லாமல் இருந்து, மூன்றாம் நாள் மச்சானை அழைத்தேன். அவன் மறுக்கவில்லை, கோபப்பட்டான். "மச்சான், நீ என்னைக் கள்ளன் எண்டு நினைக்கிறாய். சரி, நினை. ஆனா என்ர கணக்கையும் ஒருக்காக் கேள்" என்றான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவன் சொன்னதைக் கேட்டேன். சிறுவயதில் ஒன்றாகக் கிணற்றிற் குளித்தவன் என்பதனால் மட்டுமன்று, அவன் சொன்ன முறைமை எனக்குப் புதிதாயிருந்ததனாலும் கேட்டேன்.

பிரான்சைஸ் என்று வழங்கும் இம்முறையில் பெயர், பலகை, சமையற் குறிப்பு, சீருடை, விலைப்பட்டியல் யாவும் தாய் நிறுவனத்துக்கு உரியவை. அவற்றைப் பாவிக்கும் உரிமத்தைக் குறித்த சில ஆண்டுகளுக்கு ஒருவன் பணங்கொடுத்து வாங்குகிறான். கடை வாடகை அவனுடையது. அடுப்பும் குளிர்சாதனமும் தாய் நிறுவனம் காட்டும் இடத்தில் அவன் வாங்குவது. மாவும் எண்ணெயும் பெட்டியும் அது சொல்லும் விலைக்கு. இவற்றுக்கு மேல் விற்பனையில் இத்தனை வீதம் உரிமப் பங்கு, இத்தனை வீதம் விளம்பரப் பங்கு எனக் கிழமைதோறும் செலுத்த வேண்டும். இங்கே வாசகர் ஒரு சொல்லைக் கவனித்தல் வேண்டும்: விற்பனையில், இலாபத்தில் அன்று. கடைக்காரன் நட்டப்பட்டாலும் தாய் நிறுவனத்தின் பங்கு குறைவதில்லை. விலையைக் குறைத்து விற்குமாறு தாய் நிறுவனம் கட்டளையிடலாம். அதனால் விற்பனை பெருகினால் அதன் பங்கு பெருகும், கடைக்காரனின் மிச்சம் சுருங்கும். வாடகையைக் குறைக்க அவனால் இயலாது. மாவின் விலையைக் குறைக்க இயலாது. பங்கைக் குறைக்க இயலாது. அவன் கைவைக்கக் கூடியதாக எஞ்சி நிற்பது ஒன்றே. அது உழைப்பவனின் கூலி.

மச்சான் தன் வீட்டை ஈடுவைத்துத்தான் அந்த உரிமத்தை வாங்கினான். உரிமக் காலம் முடியுமுன் விட்டு விலகினால் வீடும் போகும். அவனும் மனைவியும் கிழமைக்கு எழுபது மணித்தியாலம் கடையிலே நிற்கிறார்கள். பணப்பெட்டியில் ஒரு சதம் விழுந்தாலும் தலைமையகத்துக்கு அந்தக் கணமே தெரியும். வாடிக்கையாளர் வேடத்தில் மாதந்தோறும் ஒருவர் வந்து, பரிமாறியவன் சிரித்தானா என்பதற்கும் புள்ளி போடுவார். "ஒரு துண்டில எத்தனை கிராம் சீஸ் போடுறன் எண்டு அவங்களுக்குத் தெரியும் மச்சான். பொடியனுக்கு எவ்வளவு குடுக்கிறன் எண்டு மட்டும் ஒருநாளும் கேக்கமாட்டாங்கள்" என்றான்.

அந்த வசனத்தை நான் அன்றிரவே என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். இம்முறைமையின் இரகசியம் முழுவதும் அதில் அடங்கியிருப்பதாக எனக்குப் பட்டது. எதை அறிய விரும்புகிறாய், எதை அறியாதிருக்க விரும்புகிறாய் என்பதே அதிகாரத்தின் இலக்கணம்.

மச்சானின் கடை எந்த நிறுவனத்தைச் சேர்ந்தது என்பது இங்கு வேண்டாம். ஆயினும் இது தனியொரு கடையின் கதையன்று என்பதற்குப் பகிரங்கமான சான்று உண்டு. 2015 ஆவணியில் அவுஸ்திரேலியாவின் ஏ.பி.சி. தொலைக்காட்சியும் ஃபெயர்பக்ஸ் பத்திரிகைகளும் இணைந்து, மச்சானின் கடையோடு எத்தொடர்புமற்ற செவன்-இலெவன் என்னும் கடைத் தொடரில் நடந்தவற்றை வெளிக்கொணர்ந்தன. வேலை செய்தவருட் பெரும்பாலார் வெளிநாட்டு மாணவர். பாதி மணித்தியாலங்களை மட்டுமே ஏட்டில் எழுதிச் சரியான வீதத்திற் கொடுப்பது ஒரு வகை. முழுக்கூலியையும் வங்கியிலிட்டுப் பின்னர் ஒரு பகுதியைக் கையிற் திரும்ப வாங்குவது இன்னொரு வகை. மாணவன் என்னிடம் சொன்ன இரண்டும் அங்கே முன்னரே நடந்தேறியவை. அத்தொடரிலே மொத்த இலாபத்தில் 57 வீதத்தைத் தலைமையகம் எடுத்துக்கொண்டது. எஞ்சியதிலிருந்து கூலி கொடுக்கவேண்டியவர் கடைக்காரர். சம்பள ஏட்டைக் கணக்கிட்டுக் கொடுத்ததோ தலைமையகமே. ஒரு கடையின் விற்பனையும் அது திறந்திருக்கும் நேரமும் தெரிந்தவர்க்கு, ஏட்டில் எழுதிய ஆட்களால் அக்கடையை நடத்த இயலாதென்பது தெரியாமற் போகுமா? போட்டி ஆணைக்குழுவின் முன்னாள் தலைவர் அலன் ஃபெல்ஸ் தலைமையில் அமைந்த குழு ஒன்று முறைப்பாடுகளை ஏற்கத் தொடங்கிற்று. பின்னர் அந்நிறுவனம் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுத்த தொகை 15 கோடி டொலரைக் கடந்தது. இவ்வளவு தொகையும் முதலில் எவரின் கண்ணிலும் படவில்லையாம்!

இதன் விளைவாக 2017 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் தொழிற் சட்டத்தைத் திருத்திற்று. கடைக்காரரின் நடவடிக்கைகளில் குறிப்பிடத்தக்க செல்வாக்கோ கட்டுப்பாடோ உடைய தாய் நிறுவனம், கூலிக் குறைப்பை அறிந்திருந்தாலும், நியாயமாக அறிந்திருக்கக்கூடிய நிலையில் இருந்தாலும் தானும் பொறுப்பாளியாகும் என்பது அத்திருத்தத்தின் சாரம். கூலியைத் திரும்பக் கேட்டு வாங்குவது வெளிப்படையாகத் தடைசெய்யப்பட்டது. ஏடுகளை ஒழுங்காக வைத்திராத முதலாளி, தொழிலாளியின் கோரிக்கை பிழை என்பதைத் தானே நிரூபிக்க வேண்டும் என்ற நிலையும் வந்தது. நல்ல சட்டம். "நியாயமாக அறிந்திருக்கக்கூடிய" என்ற சொற்றொடரை எழுதிய கையை நான் மெச்சுகிறேன். கண்ணை மூடிக்கொண்டிருப்பதைக் குருட்டுத்தன்மை என்று ஏற்க அது மறுக்கிறது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு பின்கதவும் உண்டு. தடுப்பதற்கு "நியாயமான நடவடிக்கைகளை" எடுத்திருந்தால் தாய் நிறுவனம் தப்பிவிடும். ஆகவே இன்று தலைமையகங்கள் பயிற்சிப் படம் காட்டுகின்றன. சுவரிலே தொலைபேசி எண் ஒன்றை ஒட்டச் செய்கின்றன. கடைக்காரரிடம் உறுதிமொழியிற் கையொப்பம் வாங்குகின்றன. மச்சானும் ஒப்பமிட்டிருந்தான். அந்த எண் கடையின் பின்னறையிலேயே ஒட்டப்பட்டிருந்தது என்று மாணவன் சொன்னான். 126 டொலரை எண்ணிக்கொடுக்கும் மேசைக்கு நேர் மேலே.

அமெரிக்காவில் இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. கூட்டு முதலாளி என்ற கோட்பாட்டை 2015 இல் அங்குள்ள தேசியத் தொழிலுறவுச் சபை விரித்தது. 2020 இல் சுருக்கிற்று. 2023 இல் மீண்டும் விரிக்க முயன்றது. 2024 இல் டெக்சாஸ் நீதிமன்றம் ஒன்று அவ்விதியை நீக்கிற்று. வெள்ளை மாளிகையிலே ஆள் மாறும்போது, தொழிலாளியின் முதலாளி யார் என்பதும் மாறுகிறது. டேவிட் வைல் என்னும் பொருளியலறிஞர் 2014 இல் வெளியிட்ட நூலில், இவ்வாறு உடைக்கப்பட்ட தொழிலிடத்தை நிலத்தில் விழுந்த பிளவுக்கு ஒப்பிட்டு ஆராய்ந்திருக்கிறார்: பெரிய நிறுவனங்கள் இலாபத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு பொறுப்பை வெளியே தள்ளுகின்றன.

எனக்கு இது புதிதாய்த் தோன்றாததற்குக் காரணம் வேறு. 2014 இல் என் முதல் நியமனம் அட்டனில். பாடசாலைக்குக் கீழே லயத்தில் இருந்த வயோதிபர் ஒருவர் மாலை வேளைகளில் தம் தகப்பனார் காலத்துக் கதைகளைச் சொல்வார். பெரிய கங்காணி தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வருவான். வழிச்செலவும் முற்பணமும் கடனாக ஏட்டில் ஏறும். தோட்டத்துக்குத் தோட்டம் மாற வேண்டுமாயின் அக்கடனை எழுதிய துண்டு வேண்டும். நாளொன்றுக்கு இத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்ற கணக்கிலே கங்காணிக்குக் காசு. "தொரகிட்ட போனா கங்காணிகிட்ட கேளும்பாரு, கங்காணிகிட்ட போனா தொர கணக்கும்பாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல எங்கப்பன் செத்துப்போனாரு" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்வார். துண்டு முறையைச் சட்டம் 1921 இல் ஒழித்தது. 1927 இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. கங்காணியின் பிடி தளர்வதற்கு அதன் பின்னரும் நெடுங்காலம் சென்றது. இன்றோ மலையகத்தின் சில தோட்டங்களில் தேயிலைச் செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தை நிறுத்து விலைக்கு வாங்கும் முறை புகுத்தப்பட்டு வருகிறது. தொழிலாளிக்கு "நீயே சிறு முதலாளி" என்று பட்டங்கட்டுகிறார்கள். சேமலாப நிதி செலுத்த வேண்டிய முதலாளி அப்பொழுது யார்? கட்டுநாயக்காவில் ஆள்வழங்கு முகவர் வழியாக நாட்கூலிக்கு எடுக்கப்படும் பெண்களைக் கேட்டாலும் இதே கேள்வியைக் கேட்பார்கள். கடை, காரியாலய ஊழியர் பற்றிய எங்கள் சட்டம் 1954 இல் ஆக்கப்பட்டது. அன்றைய கடையிலே முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அவரைக் கண்ணாற் காணலாம்.

தொழிற்சங்கத்தில் என்னோடு பணிசெய்யும் நண்பரொருவரிடம் மச்சானின் கதையைச் சொன்னேன். "உம்முடைய மச்சான் இரண்டு கல்லுக்கு நடுவில் அகப்பட்ட குட்டி முதலாளி, அவரைக் குறைசொல்லிப் பயனில்லை, அமைப்பைக் குறைசொல்லும்" என்றார். தத்துவமாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனால் 126 டொலரைக் கைநீட்டி வாங்கிய கை அமைப்பின் கையன்று. எனக்கு நன்கு தெரிந்த கை. மாணவனைப் பார்த்து, "நானும் உன்னைப்போல வந்தவன்தான் தம்பி, பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு" என்று அவன் சொல்லியிருக்கிறான். ஊர்ப் பாசத்தை இவ்வளவு மலிவாக விற்கலாகாது. ஏவியவன் குற்றவாளி என்பதனால் இயற்றியவன் நிரபராதியாகிவிடுவதில்லை. இலக்கணம் இருவரையும் கருத்தா என்றே சொல்கிறது. ஒருவரைச் சொல்வதற்காக மற்றவரை அழிப்பதில்லை.

மாணவன் 2024 நடுப்பகுதியில் அக்கடையை விட்டு வேறு வேலைக்குப் போனான். விசாவைக் காட்டித் தொழிலாளியை மிரட்டுவதைக் குற்றமாக்கும் சட்டம் அந்நாட்டில் அதே ஆண்டு ஆடி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. நான் அதை அவனுக்கு எழுதினேன். கூலியைக் கோருவதற்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு என்பதையும் எழுதினேன். பல மாதங்கள் விடையில்லை. பின்னர் ஒரு நாள், கடையில் வேலை செய்த ஒவ்வொரு நாளையும் மணித்தியாலத்தையும் குறித்துவைத்த கொப்பியின் பக்கங்களைப் படம்பிடித்து அனுப்பினான். மேசனின் மகன், தகப்பனின் ஆறு கிழமைக் கூலியை மறக்கவில்லை. கீழே ஒரு வரி: "சேர், நான் முறையிட்டா உங்கட வீட்டிலை பிரச்சினை வராதோ?"

வந்தது. நான் எவர்க்கும் மறைக்கவில்லையாதலால் அது விரைவாகவே வந்தது. மாமா வீட்டுக்கு வந்து முற்றத்திலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. "ஊர்ப் பொடியனுக்காக உன்ர மச்சான்ர வீட்டை ஏலத்திலை விடப்போறியோ?" என்று கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் தேநீரைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். அது அங்கேயே ஆறிப்போயிற்று.

அன்று மாலை இருந்து கொப்பியின் கணக்கைக் கூட்டினேன். பரீட்சைத் தாள்கள் திருத்தும் சிவப்புப் பேனாவைத் தவிர வேறு பேனா கைக்கு அகப்படவில்லை. கிழமைக்கு 532 டொலர் வீதம், விடுமுறைகளைக் கழித்து, 46 கிழமைகள். 24,472 டொலர். அத்தாளை மாணவனுக்கு அனுப்பினேன். முறைப்பாட்டிலே கடைக்காரனின் பெயரோடு தாய் நிறுவனத்தின் பெயரையும் எழுதும்படியும், சீஸின் கிராமையும் பணப்பெட்டியின் சதத்தையும் அறிந்தவர்கள் கூலியையும் அறிந்திருக்கக் கூடியவர்கள் என்பதை விரிவாக எழுதும்படியும் சொன்னேன். சாட்சி வேண்டுமாயின், அன்று தொலைபேசியில் மச்சான் என்னிடம் சொன்னதை நான் சொல்வேன் என்றும் எழுதினேன். அக்கடிதத்தின் ஒரு பிரதியை மச்சானுக்கும் அனுப்பினேன். முதுகுக்குப் பின்னால் நின்று செய்ய என்னால் இயலவில்லை.

மூன்று கிழமை கழித்து அவனிடமிருந்து விடை வந்தது. நலம் விசாரிப்பு இல்லை, மச்சான் என்ற விளியும் இல்லை. ஒரே வசனம்: "என்ர பேருக்கு மேல அவங்கட பேரை எழுதச் சொல்லு."